சோதித்துப் பார்க்கச் சொன்னதும் வேதம்தான்

என் மகளுக்கு வலிப்பு நோய் என்று டாக்டர் சொன்னபோது அவளுக்கு ஏழு வயது. அதிலிருந்து எங்கள் பாளையங்கோட்டை வீட்டுக்கு ஜெபிக்க வந்தவர்கள் ஏராளம். பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து வந்தார்கள், தெருவில் உள்ள பெந்தெகொஸ்தே சபை அக்காமார் வந்தார்கள், உறவுக்காரர்கள் ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். அந்த ஜெபங்களுக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டவள். ஆனால் ஜெபம் முடிந்து காபி குடிக்கும்போது வேறொன்று வரும். தீர்ப்பு.

“சத்துருவுக்கு எங்கேயோ இடம் கொடுத்திருக்கீங்க.” “கல்யாணத்துக்கு முந்தி உங்க வீட்டுல யாரும் குலதெய்வம் கும்பிட்டாங்களா? பரம்பரை சாபமா இருக்கும்.” “தசமபாகம் ஒழுங்கா குடுக்கீங்களா?” இப்படிக் கேட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல. பிள்ளை நல்லா இருக்கணும் என்ற தவிப்பில்தான் கேட்டார்கள். ஆனால் தவிப்போடு சொன்னதாலேயே ஒரு வார்த்தை தேவனுடைய வார்த்தை ஆகிவிடாது. இந்த வித்தியாசம் பிடிபடும்வரை மனசு படுகிற பாடு கொஞ்சமல்ல. இதே பாடுபடுகிற பெற்றோர் பலரை அதற்கப்புறம் சந்தித்திருக்கிறேன். அவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

மற்றதையெல்லாம் கேட்டுக்கொண்டு இருந்துவிடலாம். ஒன்றை மட்டும் அப்படி விட முடியவில்லை. வெளியூரிலிருந்து வந்திருந்த ஓர் ஊழியக்காரர், வீட்டு ஜெபத்தில் என் மகள் தலையில் கை வைத்து வெகுநேரம் ஜெபித்தார். பிறகு கண்ணைத் திறந்து சொன்னார்: “சிஸ்டர், கர்த்தர் சுகம் கொடுத்துட்டார். இன்னையோட மாத்திரையை நிறுத்துங்க. மாத்திரை குடுத்தா அது அவிசுவாசம், சுகம் நிக்காது.” கூடியிருந்தவர்கள் “ஆமென்” என்றார்கள். என் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே அலமாரியிலிருந்த மருந்து டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தார்கள், நானே குப்பையில் போடட்டும் என்று.

அப்போது மணி ஏழரை இருக்கும். ராத்திரி மாத்திரைக்கு நேரம் எட்டரை.

நான் டப்பாவை வாங்கி மறுபடி அலமாரியில் வைத்தேன். “அத்தை, அவங்க அப்பா வரட்டும், பேசிட்டு முடிவு பண்ணுவோம்” என்றேன். எட்டரைக்கு வழக்கம்போல மாத்திரை கொடுத்தேன். அத்தை அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

அன்றிரவு என் கணவரும் நானும் வேதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அந்த வார்த்தையைத் தள்ளுவதற்கு வசனம் தேடவில்லை. உண்மையிலேயே கர்த்தர் பேசியிருந்தால் என்ன செய்வது என்ற பயம் எங்கள் இரண்டு பேருக்குமே இருந்தது. முதலில் கண்ணில் பட்டது தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியது: “தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள். எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.” சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகத் தெரிந்த வசனம்தான். ஆனால் இரண்டு வாக்கியங்களும் அடுத்தடுத்து நிற்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அற்பமாக எண்ணாதே என்று சொன்ன அதே வாய்தான் சோதித்துப் பார் என்றும் சொல்கிறது. அப்படியானால் சோதிப்பது அவிசுவாசம் அல்ல, கீழ்ப்படிதல். கொரிந்தியருக்கும், தீர்க்கதரிசிகள் இரண்டு மூன்று பேர் பேசட்டும், “மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்” என்றுதான் எழுதுகிறார். பேசுகிறவருக்கு வரம் இருக்கலாம். நிதானிக்கிற பொறுப்பு கேட்கிறவர்கள் தலையில்தான் இருக்கிறது.

அப்புறம் மாற்கு ஒன்பதாம் அதிகாரம். ஒரு தகப்பன் தன் மகனைச் சுகத்துக்காக இயேசுவிடம் கொண்டுவருகிற சம்பவம். வலிப்பு வந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு முன்னால் எல்லாரும் எடுத்து வைக்கிற பகுதி இது. இதே சம்பவத்தை எழுதுகிற மத்தேயுவில் அந்தப் பையனைச் சந்திரரோகி, அதாவது வலிப்புக்காரன், என்று தகப்பன் சொல்கிறான், தீயிலும் ஜலத்திலும் விழுகிறான் என்கிறான், இயேசு பிசாசை அதட்டுகிறார். ஆகவே வலிப்பு என்றாலே பிசாசு என்று ஒரே போடாகப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் அதே மத்தேயு நாலாம் அதிகாரத்தில், இயேசுவிடம் கொண்டுவரப்பட்டவர்களை வரிசையாகச் சொல்லும்போது பிசாசு பிடித்தவர்களைத் தனியாகவும் சந்திரரோகிகளைத் தனியாகவும் திமிர்வாதக்காரரைத் தனியாகவும் எழுதுகிறார். அந்த ஒரு பையனுக்கு இருந்தது என்ன என்று இயேசுவுக்குத் தெரிந்தது. வலிப்பு வருகிற எல்லாப் பிள்ளைக்கும் அதே காரணம் என்று வேதத்தில் எங்கேயும் இல்லை.

அந்தப் பகுதியை மெதுவாக வாசித்தபோது எனக்கு அழுகை வந்தது வேறொரு காரணத்துக்காக. இயேசு தகப்பனிடம் முதலில் கேட்பது, “இது இவனுக்கு உண்டாகி எவ்வளவு காலமாயிற்று?” என்பதுதான். நரம்பியல் டாக்டர் எங்களிடம் முதலில் கேட்டதும் அதுதான். நீ என்ன பாவம் செய்தாய் என்று இயேசு கேட்கவில்லை. குலதெய்வம், சாபம் எதையும் கிளறவில்லை. “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று கதறியவனை அவர் கடிந்துகொள்ளவும் இல்லை. மத்தேயுவின்படி, எங்களால் ஏன் முடியவில்லை என்று பிறகு தனியே வந்து கேட்ட சீஷர்களிடம்தான் “உங்கள் அவிசுவாசத்தினாலேதான்” என்கிறார். ஜெபிக்கப் போனவர்களுக்குச் சொன்ன வார்த்தை அது. இன்று அதை அப்படியே திருப்பி, பிள்ளையைப் பெற்றவள் தலையில் வைக்கிறார்கள்.

மறுநாள், ஓய்வுபெற்று எங்கள் பக்கத்துத் தெருவில் இருந்த போதகர் ஐயரைப் பார்க்கப் போனோம். எண்பதை நெருங்கிய மனுஷர். முழுவதையும் கேட்டுவிட்டு, “அந்தத் தம்பி ஜெபிச்சதுல தப்பு ஒண்ணுமில்லம்மா. ஜெபத்துக்கு ஸ்தோத்திரம் பண்ணுங்க. ஆனா அவர் சொன்னதுல ரெண்டு இருக்கு, பிரிச்சுப் பாருங்க” என்றார். கர்த்தர் சுகம் கொடுத்துவிட்டார் என்பது ஒன்று. மாத்திரையை நிறுத்து என்பது இன்னொன்று. முதலாவது அவர் கண்டதாகச் சொல்வது. இரண்டாவது அதிலிருந்து அவராக எடுத்த முடிவு.

அதற்கு அவர் சொன்ன உதாரணம் அப்போஸ்தலர் நடபடிகள் இருபத்தோராம் அதிகாரம். அகபு என்ற தீர்க்கதரிசி பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு, இதை உடையவனை எருசலேமில் இப்படிக் கட்டுவார்கள் என்கிறான். அது பரிசுத்த ஆவியானவர் சொன்னது. உடனே கூடியிருந்தவர்கள் எல்லாரும் அழுது, எருசலேமுக்குப் போகாதே என்கிறார்கள். அது அவர்களாகச் சேர்த்துக்கொண்டது. பவுல் முன்னதை ஏற்றுக்கொண்டார், பின்னதை ஏற்கவில்லை. போனார், கட்டப்பட்டார். அவர் கீழ்ப்படியாதவர் என்று யாரும் சொல்வதில்லை.

“சரி ஐயா, சுகமானது உண்மைன்னா?” என்று என் கணவர் கேட்டார்.

“உண்மைன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க. பத்துக் குஷ்டரோகிகளையும் இயேசு என்ன செய்யச் சொன்னார்? போய் ஆசாரியனுக்குக் காண்பிங்கன்னார். அந்தக் காலத்துல பாத்துச் சொல்ல வேண்டியவன் ஆசாரியன். கர்த்தர் குடுத்த சுகத்துக்கு பரிசோதனையைக் கண்டு பயம் கிடையாது. டாக்டரே குறைப்பார்.”

அந்தப் பதில் எங்களை விடுதலையாக்கியது என்றே சொல்வேன். ஊழியக்காரரைக் கள்ளத்தீர்க்கதரிசி என்று பட்டம் கட்ட வேண்டிய அவசியமும் இல்லை, அவர் சொன்னதற்காகப் பிள்ளையின் உயிரைப் பணயம் வைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

உயிர் என்று நான் சும்மா சொல்லவில்லை. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பலாம். ஒன்றின் பின் ஒன்றாக, நினைவு திரும்பாமலே தொடர்ந்து வந்து உயிரையே எடுத்துவிடலாம். அதனால்தான் டாக்டர்கள் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்துவார்கள். பல பிள்ளைகளுக்கு இரண்டு வருஷமாவது வலிப்பே வராமல் இருந்தால் அதைப்பற்றி யோசிப்பார்கள். சரியான மருந்து கிடைத்தால் வலிப்பு நோய் உள்ளவர்களில் 70 சதவீதம் பேர்வரை வலிப்பு இல்லாமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்த விவரங்கள் கையில் இருந்ததால்தான் அந்த வார்த்தையை எங்களால் நிதானிக்க முடிந்தது. ஆவிக்குரிய காரியத்தில் அறிவுக்கு வேலை இல்லை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எது ஆபத்து என்றே தெரியாதவர் எதை வைத்து நிதானிப்பார்?

மருந்தையும் விசுவாசத்தையும் எதிரிகளாக்குவது எனக்கு விளங்காத விஷயம். என் தாத்தா நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். மருந்து கலக்குவதற்கு முன்னால் கண்ணை மூடி ஒரு வார்த்தை ஜெபிப்பார், பிறகு அளவுக் குவளையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து இரண்டு தடவை சரிபார்ப்பார். அந்த ஊரில் 1838-இல் லண்டன் மிஷன் டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே வைத்தியம் தொடங்கினார். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிரீன் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்றுக்கொடுத்தார். வேலூரில் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. வேதத்தைக் கொண்டுவந்த கைகளே மருந்தையும் கொண்டுவந்தன. ஏசாயா எசேக்கியா ராஜாவுக்குக் கர்த்தர் சுகம் தருகிறார் என்று சொல்லிவிட்டு, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் போடச் சொல்கிறார். பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாகவே விட்டுவிட்டு வருகிறார். துரோப்பீமுவின் வீட்டில் யாருக்கு என்ன சாபம் என்று அவர் எழுதவில்லை.

எங்கள் ஜில்லாவிலேயே தோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி அம்மா ஏமி கார்மைக்கேல் இருக்கிறார். 1931-இல் விழுந்து அடிபட்டபின் 1951-இல் கர்த்தருக்குள் போகும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். சுகம் வரவில்லை. அந்த அறையிலிருந்துதான் அவர் ஏராளமாக எழுதினார். அவருடைய விசுவாசத்தை அளக்க எங்கள் ஊரில் யாரும் துணியமாட்டார்கள். ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வியாதி என்றால் அந்த அளவுகோல் உடனே வெளியே வந்துவிடுகிறது.

முடிவு எடுத்தது ஒரு நாள் வேலை. அந்த முடிவோடு சபையில் நடமாடியது வருஷக்கணக்கான வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், திருவிருந்துக்கு ஜனங்கள் வரிசையாக எழும்புகிற நேரத்தில் மகளுக்கு வலிப்பு வந்துவிட்டது. பாட்டு நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு தாய் தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு நாலு வரிசை தள்ளிப் போனாள். ஒருவர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார், கையில் இரும்பைத் திணிக்க. பின்னாலிருந்து யாரோ “இயேசுவின் நாமத்தில்” என்று அதட்டத் தொடங்கினார்கள். அப்போது சபையைப் பெருக்குகிற அக்கா ஒருத்தி வந்து தரையில் உட்கார்ந்தாள். தன் சேலை முந்தானையை மடித்து என் மகள் தலைக்குக் கீழே வைத்தாள். நான் அவளை இடதுபக்கமாகச் சாய்த்தேன். “வாயில ஒண்ணும் வைக்காதீங்க, காத்து விடுங்க” என்று சுற்றி நின்றவர்களிடம் அந்த அக்காதான் சொன்னாள். அவளுடைய தம்பிக்கும் வலிப்பு இருந்ததாம். அவள் சத்தமாக ஜெபிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. இரண்டு நிமிஷத்துக்குள் நின்றுவிட்டது. (ஐந்து நிமிஷம் தாண்டினால் காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.) மகள் கண் விழித்ததும் அந்த அக்கா அவள் பாவாடையை இழுத்துச் சரிசெய்துவிட்டு, தண்ணீர் கொண்டுவரப் போய்விட்டாள். கனிகளினாலே அறிவீர்கள் என்று ஆண்டவர் சொன்னதை அன்றைக்குப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அதற்கு அடுத்த வாரம் கோயிலுக்குப் போவது கஷ்டமாகத்தான் இருந்தது. எல்லார் கண்ணும் நம்மேல் என்று தோன்றும். அந்த நாட்களில் ரோமர் பதினாலாம் அதிகாரத்து வசனம் என்னைத் தாங்கியது: “மற்றொருவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்கிறதற்கு நீ யார்?” பலரும் இதை எதிராளியைப் பார்த்துச் சொல்ல எடுப்பார்கள். நான் அதை என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன். நான் யாருடைய வேலைக்காரி? கணக்கு ஒப்புவிக்க வேண்டியது யாரிடம்? அந்தக் கேள்விக்குப் பதில் தெளிவானபிறகு, மற்றவர்கள் பார்வை இருந்தது, ஆனால் அது என்னை நடத்தவில்லை. தவிர, என்னைப் பார்த்து முகம் சுளித்தவர்களும் அதே எஜமானுடைய வேலைக்காரர்கள்தான். அவர்களை நான் தீர்க்கவும் எனக்கு அதிகாரம் இல்லை. பிள்ளையை இழுத்துக்கொண்டு போன அந்தத் தாய்க்கு என்ன பயமோ.

இன்னொன்றும் உண்டு. யார் சொன்னாலும் எனக்குக் கவலையில்லை என்று காதைப் பொத்திக்கொள்வதை நான் விடுதலை என்று சொல்லமாட்டேன். என் அம்மா ஒரு முறை முகத்துக்கு நேரே, “நீ இவளை இடுப்புலயே வச்சிருந்தா இவ எப்ப வளருவா?” என்றார்கள். வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி வகுப்புக்கு மகள் தனியாகப் போக ஆசைப்பட்ட சமயம் அது. அந்த வார்த்தையும் குத்தியது. ஆனால் ஊழியக்காரர் வார்த்தையைச் சோதித்த அதே விதமாக இதையும் வைத்துப் பார்த்தோம். இதனால் பிள்ளைக்கு ஆபத்தா, நன்மையா? சொன்னவர் கூட நிற்பாரா, சொல்லிவிட்டுப் போய்விடுவாரா? டாக்டர் என்ன சொல்கிறார்? மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தது. அனுப்பினோம். வகுப்பு நடத்துகிற இரண்டு பேரிடம் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். அம்மா பத்து நாளும் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். வலிக்கிற வார்த்தை எல்லாம் தவறான வார்த்தை அல்ல, இனிக்கிற வாக்குத்தத்தம் எல்லாம் தேவனிடமிருந்து வந்ததும் அல்ல. ஆமென் சத்தத்தையும் என் மனவலியையும் அளவுகோலாக வைப்பதில்லை என்று வீட்டில் முடிவு செய்துகொண்டோம்.

அவசரப்படுத்துகிற வார்த்தையிடம் இன்றும் நான் கூடுதல் எச்சரிக்கையாக இருக்கிறேன். “இப்பவே, இந்த நிமிஷமே, யாரையும் கேக்காதே” என்று வருவதை உடனே செயல்படுத்தமாட்டேன். முதலாம் ராஜாக்கள் பதின்மூன்றாம் அதிகாரத்தில், போன இடத்தில் சாப்பிடாதே என்று கர்த்தரே நேரடியாகச் சொல்லி அனுப்பிய தேவமனுஷன், ஒரு கிழட்டுத் தீர்க்கதரிசி தூதன் சொன்னான் என்று பொய் சொன்னதை நம்பி உள்ளே போனான். திரும்புகிற வழியில் ஒரு சிங்கம் அவனைக் கொன்றுபோட்டது. எதிரே இருந்தவரின் வயதையும் ஊழியத்தையும் பார்த்து அவன் கேள்வி கேட்கவில்லை. நம்முடைய சபைகளிலும் கேள்வி கேட்பதை மரியாதைக்குறைவு என்று வளர்த்துவிட்டார்கள். மரியாதையாகவே கேட்கலாம்.

நான் பழகிக்கொண்ட பதில் இதுதான்: “ரொம்ப நன்றி, தொடர்ந்து ஜெபிங்க. மருந்து விஷயம் டாக்டர்கிட்ட கேட்டுத்தான் செய்வோம்.” இதற்கு மேல் விவாதம் கிடையாது, விளக்கம் கிடையாது. வீட்டில் ஜெபிக்க வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: பிள்ளை காதுபட சாபம், பாவம் என்று பேச வேண்டாம், அவளைக் கேட்காமல் தலையில் கை வைக்க வேண்டாம். சிலர் அதற்கப்புறம் வரவில்லை. வந்தவர்கள் நிஜமாகவே ஜெபித்தார்கள். பிள்ளை ஒருநாள் “நான் பாவம் செஞ்சதாலயா?” என்று கேட்டபோது, பிறவிக்குருடனைப்பற்றி இயேசு சொன்னதை அவளிடம் வாசித்துக் காட்டினேன்: “அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல.” அவளாகவே அந்த வசனத்தை ஒரு அட்டையில் எழுதித் தன் மேஜைமேல் ஒட்டிக்கொண்டாள்.

“இவளை யார் கட்டுவா?” என்ற கேள்விதான் இப்போது வருகிறது, அவள் வளர்ந்துவிட்டாளே. நம் நாட்டில் இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும்கூட வலிப்பு நோய் திருமணத்துக்குத் தடையாக எழுதப்பட்டிருந்தது, 1999-இல்தான் அதை எடுத்தார்கள். சட்டமே மாற அத்தனை காலம் ஆனது என்றால் சனங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இடையில் ஒருமுறை டாக்டர் மருந்தைக் குறைத்துப் பார்த்தார். வலிப்பு திரும்ப வந்தது, மறுபடி தொடங்கினார். எங்கள் அத்தை இப்போது ராத்திரி எட்டரை ஆனதும், “மாத்திரை போட்டியாட்டி?” என்று பேத்தியிடம் தானாகவே கேட்டுவிட்டு, அப்புறம் அவளுக்காக முழங்காலில் நிற்கிறார்கள். சுகத்துக்காக நாங்கள் கேட்பதை நிறுத்தவில்லை.

மகள் இப்போது ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறாள். முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிடுகிறாள்: அக்கா திடீர்னு கீழ விழுந்து கைகால் உதறினா பயப்படக் கூடாது, ஒரு பக்கமா சாச்சுப் படுக்க வைக்கணும், வாயில ஒண்ணும் வைக்கக் கூடாது, சாவியெல்லாம் வேண்டாம். போன வருஷம் ஒரு பையன் கையைத் தூக்கி, “அக்கா, அப்ப நாங்க ஜெபம் பண்ணக் கூடாதா?” என்று கேட்டானாம்.

“பண்ணணும். நீ ஜெபம் பண்ணு, உன் பக்கத்துல இருக்கவன் ஓடிப்போய் எங்க அம்மாவைக் கூப்பிடட்டும்” என்றாளாம்.